மூன்று நம்பர் மட்டும் போகாது

ராஜபாளையம்
14.6.1999

அன்புள்ள தங்கச்சி கிருபாபாய் அவர்களுக்கு,

அண்ணன் பொன்னுராஜ் எழுதுவது. இங்கே பஞ்சு விலையைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி. அங்கே நீங்கள் நல்லபடி இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பஸ், இதற்கு எவனாவது தபால் போடுவானா என்று சிரிக்காதீர்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் போனுக்கு அடித்தேன், எங்கேஜ்டு. காப்பி குடித்துவிட்டு அடித்தேன், எங்கேஜ்டு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அடித்தேன், அப்போதும் அதே சத்தம். தனியாக இருக்கிற ரிட்டயர்ட் டீச்சரம்மா அம்புட்டு நேரம் யாரோடு பேசுகிறார் என்று இன்று காலையில் கணக்குப்பிள்ளை கண்ணுச்சாமியிடம் வாய்விட்டுக் கேட்டேன். அவனுக்குப் பெண் எடுத்த ஊர் உங்கள் ஊர். சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "அண்ணாச்சிக்குத் தெரியாதா? டீச்சரம்மா வீட்ல கம்ப்யூட்டர் வந்திருக்கு. காதுல மாட்டிக்கிட்டு அமெரிக்காவோட பேசுதாவ. உங்க மக கூடத்தான். காசே கிடையாதாம்."

என் மகள் கூட. காசே கிடையாது.

எனக்கு மாதம் ஒரு தடவை போன் வருகிறது. "அப்பா, சுகர் மாத்திரை போட்டியளா? மீட்டர் ஓடுது, வச்சிரட்டுமா?" அவ்வளவுதான் என் மகள். நானும் சரி, பிள்ளைக்குச் செலவு என்று வைத்துவிடுகிறேன். இங்கே ஒரு மாதப் பேச்சைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நான் திரிகிறேன். அங்கே உங்களோடு சாயங்காலம் முழுக்கப் பேச்சு. புஷ்பத்தைப் பெற்றவள் ரத்தினம் கண்ணை மூடியபோது மகளுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். பஞ்சுக் குடோனில் மூட்டைக்கு மேல் உட்கார வைத்துப் பின்னிவிடுவேன். உங்கள் மகன் ஜெயசிங்குக்குக் கட்டிக் கொடுத்தேன், அவன் நியூஜெர்சிக்குக் கூட்டிப்போனான். அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் சம்பந்தி என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் காது இருக்கிறது என்பதை யாராவது நினைக்க வேண்டாமா?

இப்படிக்கு,
பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.6.1999

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

கர்த்தருடைய தயவால் இங்கே சுகம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது காது சுட்டது; நீங்கள் சத்தமாக எழுதுகிறீர்கள்.

கண்ணுச்சாமி சொன்னது மெய்தான். போன மாதம் ஜெயசிங் ஏற்பாடு செய்து அனுப்பினான். பழகட்டும், பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அங்கே அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், இங்கே நான் உட்கார வேண்டும். வீட்டுப் போன் லைன் வழியாகத்தான் இன்டர்நெட் வருகிறது. அதனால் நான் அதில் இருக்கும் வரை வெளியிலிருந்து யார் அடித்தாலும் எங்கேஜ்டு. குரலும் ஒன்றும் பிரமாதம் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல வரும். நான் கேட்டது அங்கே போய்ச் சேருவதற்குள் அவள் வேறு ஒன்றைக் கேட்டுவிடுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து இங்கே வாருங்கள். சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நீங்களே காதில் மாட்டிக்கொண்டு பேசலாம். இடியாப்பமும் சொதியும் செய்கிறேன். புஷ்பம் உங்கள் மாத்திரையைப் பற்றி என்னிடமும் கேட்டாள். போடுகிறீர்களா?

அன்புடன்,
கிருபாபாய்


ராஜபாளையம்
9.7.1999

தங்கச்சிக்கு,

அன்றைக்குச் சொதி நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவது எதுவும் சொதியைப் பற்றி அல்ல.

உங்கள் வீட்டுக்கு வந்து என் மகளோடு பேசினேன். பேசினேன் என்றால், நீங்கள் பேசி முடித்து, காதிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்த பிறகு பேசினேன். உங்கள் காதுச் சூடு அதில் இருந்தது. அவள் முதலில் சொன்ன வார்த்தை "அம்மா, அப்பாவுக்குக் காப்பியில சீனி போட்றாதிய." கழற்றிக் கொடுத்தது அவளுக்குத் தெரியவில்லை. "ஏட்டி, அப்பாதான் பேசுதேன்" என்றேன். "ஐயோ, அப்பாவா!" என்றாள்.

அம்மா. உங்களை அம்மா என்று கூப்பிடுகிறாள். மாமியாரை அப்படிக் கூப்பிடுவது நல்ல வழக்கம்தான், ஊரில் எத்தனை பேருக்குக் கிடைக்கும். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் யாரும் பேசாத வார்த்தை. நீங்கள் அதை ஒரு சாயங்காலத்தில் எத்தனை தடவை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே நானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். உங்களுடையதைவிடத் திரை பெரிது. மதுரையிலிருந்து வந்தது. ரத்தினத்தின் தையல் மிஷின் இருந்த அறையில் வைத்திருக்கிறேன். பஞ்சில் இழை நீளம் பார்க்கப் பழகிய விரலுக்கு மவுஸ் என்கிற இந்த எலியைப் பிடிக்கப் பழக ஒரு வாரம் ஆயிற்று. இப்போது வருகிறது.

இதில் ஒரு வசதி இருப்பதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. யார் யார் நெட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறதே. என் திரையில் புஷ்பத்தின் பெயரும் இருக்கிறது, உங்கள் பெயரும் இருக்கிறது. நேற்று இரண்டும் சேர்ந்து எரிந்து, சேர்ந்து அணைந்தன. எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.1999

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பெரிய திரை வாங்கியதற்கு வாழ்த்து. ஒரு சின்ன மனத்தாங்கல். நான் புஷ்பத்தோடு பேச ஆரம்பித்தால் நடுவில் நீங்கள் அவளைக் கூப்பிடுகிறீர்கள். டிங் டிங் என்று மணி அடிக்கிறது. "அப்பா கூப்பிடுதாவ, செத்த இருங்கம்மா" என்று அவள் போகிறாள். திரும்பி வருகிறாள். பொறவும் மணி. பிள்ளை இரண்டு பேருக்கு நடுவில் ஓடி ஓடிக் களைத்துப் போகிறாள். அதுவும் இந்த நேரத்தில் அவள் ஓடியாடக் கூடாது.

நீங்கள் தாத்தாவாகப் போவது எனக்கு எத்தனை சந்தோஷம் என்று எழுதி முடியாது. பிப்ரவரி என்று டாக்டர் சொன்னாராம். வாந்திதான் அதிகம். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்ப வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிருபாபாய்


ராஜபாளையம்
2.8.1999

தங்கச்சிக்கு,

நான் தாத்தாவாகப் போவதை எனக்கு நீங்கள் தபாலில் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு நன்றி. கடிதம் வந்ததும் நெட்டில் போய் அவளைக் கேட்டேன். "நானே சொல்லணும்னு இருந்தேன்ப்பா, ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு" என்றாள். கூச்சம்! அவள் பெரியவள் ஆனபோது அத்தைமார் யாரும் கிட்ட இல்லாமல், பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு வந்து தண்ணீர் ஊற்றவைத்தவன் நான். அப்போது இல்லாத கூச்சம்.

விசாரித்தேன். நீங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் பேசுவது போதாது என்று, அவள் வீட்டுச் சாதாரணப் போனுக்கு நீங்கள் ஐ.எஸ்.டி. போட்டும் பேசுகிறீர்கள். பெண்கள் பேச்சு அதில்தான் நடக்கிறது. அதில் பச்சை விளக்கும் கிடையாது, மணியும் கிடையாது.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். தலைப்பிரசவம் பெண் வீட்டுக்கு உரியது. மாப்பிள்ளை வீடு அதில் தலையிடும் வழக்கம் நம்மில் இல்லை. அவள் இங்கே வர முடியாவிட்டால் அங்கே போகிற உரிமையும் பெண் வீட்டுக்குத்தான். போவதற்கு ரத்தினம் இல்லை என்றாலும் வீடு இருக்கிறது.

இன்னொரு சேதி. மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர்கள் வீட்டில் டி.வி. கேபிள் வழியாகவே நெட் வந்துவிடுகிறது, போன் லைனே தேவை இல்லை. கம்ப்யூட்டரிலிருந்தே அமெரிக்காவில் எந்த நம்பருக்கும் பேசலாம், சில்லறைக் காசில் இந்தியாப் போனுக்கும் பேசலாம் என்றான். "அப்பொறம் எதுக்கு மாப்ளே அந்தப் போனுக்கு மாச வாடகை? ஒரு சரக்குக்கு ரெண்டு புரோக்கரா?" என்றேன். அவனுக்கும் சரி என்று பட்டது. இந்த மாதத்தோடு எடுத்துவிடுகிறான்.

வியாபாரி சொன்னால் வியாபாரமாகத்தான் இருக்கும். வேறு எதுவும் நினைக்க வேண்டாம்.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.8.1999

அண்ணாச்சிக்கு,

வேறு எதுவும் நினைக்கவில்லை. நினைத்ததை எழுதவும் போவதில்லை.

ஆனால் இதைக் கோபம் இல்லாமல் படியுங்கள். அந்த நெட் போன் புரோகிராமை முதன்முதலில் போடும்போது திரையில் ஒரு நீளமான அறிவிப்பு வரும். எல்லோரும் படிக்காமல் கீழே "சம்மதம்" என்று இருப்பதை அமுக்கிவிடுவார்கள். நான் இங்கிலீஷ் வாத்தியார், அச்சில் எது வந்தாலும் படித்துத் தொலைப்பேன். அதில் தெளிவாகப் போட்டிருக்கிறான்: இதன் வழியாகப் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் போன்ற அவசர எண்களை அழைக்க முடியாது, அதற்குச் சாதாரணத் தொலைபேசியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று.

அங்கே அவசரத்துக்கு ஒன்பது, ஒன்று, ஒன்று என்று மூன்று நம்பர். சாதாரணப் போனில் அதை அடித்தால், வாய் திறந்து பேசாவிட்டாலும் எந்த வீடு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். வண்டி வந்து நிற்கும். கம்ப்யூட்டரில் உலகம் முழுக்கப் பேசலாம். அந்த மூன்று நம்பர் மட்டும் போகாது. ஜெயசிங்கிடம் சொன்னேன். "மாமாவே சொல்லிட்டாவ, அப்பொறம் என்னம்மா" என்கிறான். உங்கள் பேச்சை அவன் தட்ட மாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போனை எடுக்காமல் வைத்திருப்பான்.

வயிற்றுப்பிள்ளைக்காரி பகல் முழுக்கத் தனியாக இருக்கிற வீடு அண்ணாச்சி.

கிருபாபாய்


ராஜபாளையம்
9.8.1999

தங்கச்சிக்கு,

நீங்கள் டீச்சர், எழுத்தைப் படிக்கிறீர்கள். நான் எழுதினவனைப் படிக்கிறவன்.

எங்கள் கடை பில்லின் அடியிலும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறேன்: விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது. எத்தனை மூட்டை திரும்ப எடுத்திருக்கிறேன் என்று கண்ணுச்சாமியைக் கேளுங்கள். லாரி புக்கிங் ரசீதில் மழையில் நனைந்தால் பொறுப்பில்லை என்று இருக்கும். நனைந்தால் வந்து பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த லோடு கிடையாது. இதெல்லாம் எல்லாக் கம்பெனிக்காரனும் கோர்ட்டுக்குப் பயந்து போட்டு வைக்கிற வாசகம். நியூஜெர்சியிலிருந்து ராஜபாளையத்துக்குக் குரலைக் கொண்டுவருகிறவனுக்கு, அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தெரியாதா? கேட்கிறவன் கேணையனா?

நான் பச்சையாகப் பேசுகிறவன். உங்களுக்கு அந்தப் போன் ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஐ.எஸ்.டி. பேச்சு நின்றுபோகும். இனி நீங்களும் நானும் ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

பொன்னுராஜ்


ராஜபாளையம்
22.10.1999

தங்கச்சிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. போடாதது சரிதான், நானும் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன்.

புஷ்பம் நன்றாக இருக்கிறாள். பிள்ளை உதைக்கிறதாம், அதை என்னிடம் முதலில் சொன்னாள். இப்போது தினமும் சாயங்காலம் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்கே நெட்டில் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே அப்போது காலை. அவள் எழுந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று. பேச்சு முடிந்த பிறகும் அணைப்பதில்லை. அவள் பெயர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பதும் ஒரு ஆறுதல்தான்.

சாயங்காலத்தில் உங்கள் பெயர் எரிவதே இல்லை, கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம், அவ்வளவுதான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இல்லை, எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டீர்களா? அப்படி என்றால் நன்றி.

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
26.10.1999

அண்ணாச்சிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. சாயங்காலங்களில் கம்ப்யூட்டரைப் போடாமல் போன் லைனைச் சும்மா விட்டுவைத்திருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும் என்பதற்காக. வேறு காரணம் இல்லை.

கிருபாபாய்


ராஜபாளையம்
13.12.1999

தங்கச்சி கிருபாபாய்க்கு,

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். நேரில் கேட்டால் நீங்கள் என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். புஷ்பத்தின் பெயர் எரிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பாள், வருவாள் என்று காதில் மாட்டியபடி இருந்தேன். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்டேன். நீங்கள் வாடகைக் கார் பிடித்து வந்து என் கதவைத் தட்டும் வரை அது பச்சையாகத்தான் எரிந்தது. அவள் விழுந்து கிடந்த நேரத்திலும் அது எரிந்திருக்கிறது.

டாக்டர்கள் தாயும் பிள்ளையும் பத்திரம் என்கிறார்கள். பிரசவம் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். மாப்பிள்ளை மறுநாளே போன் லைனைத் திரும்ப வாங்கிவிட்டான், நானே சொன்னேன். அதெல்லாம் சரி.

அவள் தவழ்ந்து வந்து கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கிறாள். என் பெயரும் அவள் திரையில் எரிந்துகொண்டுதானே இருந்திருக்கும்? ஒரு அமுக்கு அமுக்கினால் நான் இருந்தேன். என்னை ஏன் கூப்பிடவில்லை? உங்களை ஏன் கூப்பிட்டாள்?

பொன்னுராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.12.1999

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டு மணி இருக்கும், போன் அடித்தது. எடுத்தால் கிணற்றுக் குரல். "அம்மா, வழுக்கி விழுந்துட்டேன். ரத்தம் வருதும்மா." "ஏட்டி, ஆம்புலன்ஸுக்கு அடிச்சியா?" என்றேன். "அடிச்சேன். அந்த நம்பர் செல்லாதுன்னு வருது. ரெண்டு தடவ அடிச்சிட்டேன். அவுக ஆபீஸ் மேசைக்கு அடிச்சேன், மெஷின் பேசுது." கத்தியும் பார்த்தாளாம். குளிருக்காக எல்லா வீட்டிலும் சன்னல் அடைத்திருக்கிறது, பகலில் பாதி வீட்டில் ஆளும் இல்லை.

ஜெயசிங் ஆபீசின் பொது நம்பரை நான் முன்பே கேட்டு வாங்கிப் போனுக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தேன். அதற்கு ஐ.எஸ்.டி. போட வேண்டும் என்றால் இவள் பேச்சைத் துண்டிக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே லைன். "வைக்கப் போறேன்டி. நான் வச்சாத்தான் அங்க அடிக்க முடியும்" என்றேன். "வைக்காதியம்மா. யார் சத்தமாவது கேட்டுக்கிட்டு இருக்கட்டும். பயமா இருக்கு" என்று அழுதாள். அண்ணாச்சி, நான் வைத்துவிட்டேன். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே வைத்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது.

ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள். என் இங்கிலீஷ் அவளுக்குப் பிடிபடவில்லை. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். அது எந்த மாநிலம் என்றாள். விருதுநகர் மாவட்டம் என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் டிக்டேஷன் கொடுப்பது போலத் தெருப் பெயரையும் வீட்டு நம்பரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கர்ப்பிணி, ரத்தம், தனியாக இருக்கிறாள் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. அவளே அந்த மூன்று நம்பரை அடித்தாள், ஆளை அனுப்பி ஜெயசிங்கையும் கூப்பிட்டாள். வண்டி போய்க் கதவை உடைத்தது.

பிறகு உங்களுக்கு அடித்தேன், எங்கேஜ்டு. எக்ஸ்சேஞ்சில் சொன்னேன், ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். அதனால்தான் காரில் வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, "என்ன தங்கச்சி, நெட்டு அறுந்து போச்சா? எங்க வீட்டுக்கே பேச வந்துட்டியளா?" என்று சிரித்தீர்கள். அதை நான் மனதில் வைக்கவில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. அதே கேள்வியை நானும் நேற்று ஆஸ்பத்திரிப் போனில் அவளிடம் கேட்டேன், அப்பா பெயர் எரிந்துகொண்டிருக்கும்போது ஏன் எனக்கு அடித்தாய் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பாவக் கூப்புட்டா அவிய எங்கிட்ட பேசிக்கிட்டேதான் இருப்பாவ. அவியளால லைன வைக்க முடியாது. நீங்கன்னா வச்சிருவிய."

உங்களைவிட என்மேல் பாசம் அதிகம் என்பதற்காக அடிக்கவில்லை அண்ணாச்சி. அவளை அழவிட்டு வைக்கக்கூடிய ஆள் நான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதில் எனக்கு என்ன பெருமை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரியில் அவள் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். தலைப்பிரசவம் உங்கள் வீட்டுக்கு உரியது. நீங்கள் போகிறீர்களா, உங்கள் பக்கத்தில் வேறு யாரையாவது அனுப்புகிறீர்களா? நீங்கள் சொல்லும்வரை நான் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
கிருபாபாய்


ராஜபாளையம்
20.12.1999

அன்புள்ள தங்கச்சி கிருபாபாய்க்கு,

கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடோனுக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். அவள் அப்படித்தான் சொன்னாளா, இல்லை, என் மனது ஆறட்டும் என்று நீங்கள் எழுதினீர்களா என்று விசாரிக்கப் போவதில்லை. சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் அழ அழ நான் வைத்திருக்க மாட்டேன். "அழாத தாயி, அப்பா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன். அப்பா இருந்திருப்பேன், அவள் இருந்திருக்க மாட்டாள்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "அம்மா எப்ப வருவாவ?" என்றுதான் முதலில் கேட்டாள். "வருவாவட்டி" என்றேன். சொல்லிவிட்டேன் பாருங்கள், உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

ஆகவே பாஸ்போர்ட்டை எடுங்கள். நான் போய் அங்கே என்ன செய்வேன்? பிரசவ அறை வாசலில் நின்று டாக்டரோடு விலை பேசுவேன். எங்கள் பக்கத்தில் அனுப்புவதற்கு வேறு பெண்பிள்ளை இல்லை. இரண்டாயிரம் பிறந்ததும் தேதி குழம்பிக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும், பிளேன் இறங்காது என்று கண்ணுச்சாமி பயமுறுத்துகிறான். ஆகவே ஐந்தாறு தேதிக்கு மேல் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் என் செலவு. ஜெயசிங் தருகிறேன் என்பான், அவனிடம் வாங்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுப் பணத்தில் தலைப்பிரசவத்துக்கு ஆள் போவது எனக்குக் கேவலம்.

பிரசவ மருந்துக்கு இங்கே நாட்டு மருந்துக் கடையில் சொல்லி, இடித்து, லேகியமாகக் கிண்டி டப்பாவில் அடைத்துத் தருகிறேன். சுக்கும் பனங்கருப்பட்டியும் நான் நின்று பார்த்து எடுத்தது. பிள்ளைக்குச் சுற்ற ரத்தினத்தின் பழைய நூல் சேலை ஒன்று இருக்கிறது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, எங்கள் குடோன் பஞ்சு எதுவும் அதற்கு ஈடு இல்லை. அதை இத்தனை வருஷம் யாரையும் தொடவிட்டதில்லை. கிழித்து நாலு துண்டாக மடித்து உங்கள் பெட்டிக்குள் வைக்கிறேன்.

மதராஸில் விசாவுக்குப் போகும்போது என்ன உறவு என்று கேட்பார்கள். மாமியார் என்றே சொல்லுங்கள், அங்கே பொய் சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை முதலில் கையில் வாங்கும்போது, நீங்கள் யார் என்று அந்த நர்சம்மா கேட்டால் மட்டும், பெண் வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். இங்கிலீஷில் அதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அண்ணன் பொன்னுராஜ்